ஒட்டுவதற்கு முன்பே வந்து சேர்ந்த கோப்பை

மேடம் பிஸ்கெட் பாக்கெட்டைப் பிரிக்கும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பாக்கெட்டை மேசை நடுவில் வைத்து ஆறு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். ஓரங்களில் கட்டைவிரலை மெல்ல ஓட்டி, "கிழிசல் இல்ல, ஒட்டு விடல" என்று தனக்குத்தானே முணுமுணுப்பார். கம்பெனிக்காரன் ஒட்டிய பக்கத்தைத் தொடவே மாட்டார். அதற்கு எதிர்ப்பக்கத்தில் சின்னக் கத்தரியால் நேராக ஒரு வெட்டு. வெட்டுக்குப் பக்கத்தில் பேனாவால் தேதி, நேரம், ஒரு சின்னக் கையெழுத்து. அதன் பிறகுதான் "எடுத்துக்கோங்க" என்பார். அதற்குள் ஆசிரியர் அறையில் எல்லோருடைய டீயும் ஆறிப்போயிருக்கும்.

பல்கலைக்கழகத்தில் தடய அறிவியல் படித்த எங்கள் பதினான்கு பேருக்கும் அவர் 'தொழில் நடைமுறை' என்ற பாடத்தை எடுத்தார். மற்ற பாடங்களில் ரத்தம் இருந்தது, விஷம் இருந்தது, துப்பாக்கிக் குண்டு இருந்தது. இதில் பழுப்புக் கவர், ஒட்டும் டேப், பேனா, பதிவேடு. அவ்வளவுதான். அதனால் அவருக்கு 'டேப் மேடம்' என்று பெயர். அவருக்கும் அது தெரியும். ஒருமுறை கரும்பலகையில் யாரோ அந்தப் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். மேடம் அதைப் பார்த்துவிட்டு, "எழுதினவர் தேதி போடல" என்று மட்டும் சொல்லி அழித்தார்.

முதல் வகுப்பில் ஆளுக்கொரு ஒட்டிய கவரைக் கொடுத்தார். "உள்ள என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க." நாங்கள் பதினான்கு பேரும் பிறந்தநாள் பரிசு வந்ததுபோல டர்ரென்று கிழித்தோம். உள்ளே ஒரு சட்டைப் பொத்தான்.

"பொத்தான், மேடம்!" என்றான் நெட்டை. வகுப்பிலேயே உயரமானவன், எல்லாவற்றுக்கும் முதலில் பதில் சொல்பவன்.

"கவர் மேல என்ன எழுதியிருந்துச்சு?"

யாரும் படித்திருக்கவில்லை. இப்போது படிக்கலாம் என்றால் கவர் இரண்டாகக் கிழிந்திருந்தது.

"பதினாலு பேர், பதினாலு கேஸ். எல்லாத்தையும் ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டீங்க. குற்றவாளிங்க எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. நீங்களும் சாப்பிடப் போங்க."

எனக்கும் அவரோடு ஒரு பதிவு உண்டு. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. கடைசி வரிசையில், நோட்டுக்கு அடியில் ஒரு கவிதைப் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். மேடம் வந்து கையை நீட்டினார். திட்டுவார் என்று நினைத்தேன். புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு ரசீது எழுதிக் கொடுத்தார். 'மாணவரிடமிருந்து பெறப்பட்டது: கவிதைப் புத்தகம் ஒன்று. அறுபத்து நான்கு பக்கம். இருபத்து மூன்றாம் பக்கத்தின் மேல் மூலை மடிந்துள்ளது. பின் அட்டையில் டீக் கறை.' வகுப்பு முடிந்ததும் ஒட்டிய கவரில் புத்தகம் திரும்பி வந்தது. அந்த ரசீதை நான் பலமுறை படித்திருக்கிறேன். அதில் ஒரு சொல்கூட அதிகமில்லை. அந்தப் புத்தகத்தில் இருந்த சில கவிதைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இங்கே வருவதற்கு முன் மேடம் பதினெட்டு வருடம் அரசு ஆய்வகத்தில் இருந்தவர். நிரந்தர வேலை. அவருடைய பிரிவில் மகா கெட்டிக்காரர் ஒருவர் இருந்தாராம். ஒரு வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறியபோது, ஒரு லேபிளில் தேதி தவறாக இருந்ததை வக்கீல் காட்டியிருக்கிறார். 'தவறு' என்று ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். கெட்டிக்காரர் அதை மறைக்க ஒன்று சொன்னார், அதை மறைக்க இன்னொன்று. சாப்பாட்டு இடைவேளைக்குள் வழக்கே கவிழ்ந்துவிட்டது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது, இவருக்கு வேதியியலை எல்லோரும் சொல்லிக்கொடுத்தார்கள், இதை ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லையே என்று மேடத்துக்குத் தோன்றியது. வேலையை ராஜினாமா செய்துவிட்டு, இந்தப் பாடத்துக்காக மூன்று வருட ஒப்பந்தத்தில் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டார்.

ஒருநாள் நோட்டைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மேடம் குளித்துக்கொண்டிருந்தார். மின்விசிறி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் அவர் கணவர் தண்ணீர் எடுக்க பிரிட்ஜைத் திறந்தார். உள்ளே எல்லா டப்பாவிலும் வெள்ளை டேப், தேதி, நேரம், கையெழுத்து.

"பார்க்கறியா தம்பி? நேத்து ராத்திரி இந்த மூணாவது டப்பாவத் திறந்து ரெண்டு கரண்டி சாப்பிட்டேன். காலைல விசாரணை."

"ஒத்துக்கிட்டீங்களா, சார்?"

"வேற வழி? மூடி மேல தேதி எழுதி நானே கையெழுத்துப் போட்டுட்டுத்தான் சாப்பிட்டேன். பழக்கமாயிடுச்சு."

மேடம் இங்கே வந்த மூன்றாவது வருடம் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. எங்கள் துறைத் தலைவருக்கு இந்தப் பாடம் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "கவர் ஒட்டறதுக்கு ஒரு முழுப் பருவமா? தபால் ஆபீஸ்ல சேர்த்தா பத்து நாள்ல கத்துக்குவாங்க" என்பார். பாடம் தொடர வேண்டுமா என்று முடிவு செய்யப் பல்கலைக்கழகம் ஒரு குழுவை அனுப்புவதாகக் கடிதம் வந்தது. பாடம் போனால் மேடத்தின் ஒப்பந்தமும் அந்த வருடத்தோடு சரி. ஆய்வகத்து நிரந்தர வேலைக்குத் திரும்பிப் போக வழியில்லை. தலைவர் இதை மாடிப்படியில் நின்று மேடத்திடம் சொன்னபோது நான் கீழ்ப்படியில் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"வருஷக் கடைசியில நீங்க நடத்தற அந்த நாடகத்தையே பார்த்துட்டுப் போகட்டும்" என்றார் தலைவர்.

நாடகம் என்று அவர் சொன்னது மாதிரி நீதிமன்றத்தை. ஒவ்வொரு வருடமும் மேடம் ஒரு பொய் வழக்கைத் தயாரிப்பார். ஒரு மாணவர் நிபுணராகக் கூண்டில் ஏற வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீலாக வருபவர் நிஜமான வக்கீல். மேடத்தின் சொந்த அண்ணன். முழங்கை வெளுத்துப்போன கறுப்புக் கோட்டோடு வருவார். போன வருடம் அவர் கேட்ட கேள்வியில் ஒரு மாணவி தன் ஊரையே மறந்துவிட்டாள்.

அந்த வருட வழக்கு இது: துறை அலமாரியிலிருந்து வினாத்தாள் திருடு போயிருக்கிறது. திருடன் போகிற போக்கில் தலைவரின் கோப்பையில் டீ குடித்திருக்கிறான். கோப்பையில் கைரேகை. குற்றவாளி நெட்டை. கோப்பை நிஜமாகவே தலைவருடையதுதான். நீலக் கோடு போட்ட வெள்ளைக் கோப்பை. ஒரு வாரமாக அவர் அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

"என் கோப்பைய யாராவது பார்த்தீங்களா?"

"அது சான்றுப் பொருள் எண் ஒண்ணு, சார்" என்றார் மேடம். "வழக்கு முடியற வரைக்கும் தர முடியாது."

"யாரக் கேட்டு எடுத்தீங்க?"

மேடம் ஒரு தாளை நீட்டினார். 'எனது கோப்பையை முழுச் சம்மதத்துடன் ஒப்படைக்கிறேன்.' கீழே தலைவரின் கையெழுத்து.

"இத நான் எப்போ போட்டேன்?"

"போன செவ்வாய்க்கிழமை, சார். பன்னிரண்டு தாள் கொண்டுவந்தேன். எதையுமே படிக்காம பன்னிரண்டுலயும் போட்டீங்க. ஏழாவது இது."

தலைவர் அதன் பிறகு காகித டம்ளரில் குடித்தார்.

குழு வருகிற நாள் காலை. வகுப்பறையில் எங்கள் முன்னால் மேடம் கோப்பையைக் கவரில் போட்டு ஒட்டி, சான்றுப் பொருள் வைக்கும் பக்கத்து ஸ்டோருக்குக் கொடுத்து அனுப்ப வேண்டும். வழக்கமாக வகுப்புக்குள் நுழைந்ததும் அவர் செய்கிற முதல் வேலை, சுவர்க் கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை நோட்டில் எழுதுவது. அன்று நோட்டைத் திறந்த நேரத்தில் தலைவர் வாசலில் நின்று கூப்பிட்டார். குழுவுக்கு மெத்தை வைத்த நாற்காலியா, மரநாற்காலியா என்று கேட்டார். மேடம் போய் மரநாற்காலி என்று சொல்லிவிட்டு வந்தார். நேராகக் கோப்பையை எடுத்தார். ஒட்டினார். சுவரை நிமிர்ந்து பார்த்து நேரம் எழுதினார். எனக்கு ஏதோ ஒன்று விட்டுப்போனதுபோல இருந்தது. என்னவென்று தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் நான் கையைத் தூக்கியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

மதியம் மூன்று பேர் கொண்ட குழு வந்தது. அதில் இரண்டு பேர் மரநாற்காலியில் உட்கார்ந்தும் தூங்கக்கூடியவர்கள். தலைவியாக வந்த அம்மா பொறியியல் பேராசிரியை. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி. எங்கள் துறைத் தலைவர் நீதிபதியாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். நெட்டை கைகளைக் கட்டிக்கொண்டு குற்றவாளிக்குரிய சோகத்தோடு நின்றான். சாட்சி சொல்ல வேண்டிய மாணவன் எழுந்து தொண்டையைக் கனைத்தான்.

"ஒரு நிமிஷம்" என்றார் கண்ணாடிக்கார அம்மா. "பசங்க மனப்பாடம் பண்ணிட்டு வந்திருப்பாங்க. காலைல கோப்பைய ஒட்டினது யாரு?"

"நான்தாங்க" என்றார் மேடம்.

"அப்போ நீங்களே ஏறுங்க. சொல்லிக்குடுக்கறவங்க எப்படி நிக்கறாங்கன்னு பார்க்கறேன்."

வகுப்பில் ஒரு சலசலப்பு. வக்கீல் அண்ணனின் முகத்தில் தீபம் ஏற்றியதுபோல ஒரு வெளிச்சம்.

"நாப்பது வருஷமா காத்திருந்தேன், நீதிபதி அவர்களே" என்றார்.

மேடம் கூண்டில் ஏறினார். கூண்டு என்பது இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டது. உண்மையே சொல்வதாக உறுதி எடுத்தார். எங்களுக்குச் சொல்வதுபோலவே கால்களைச் சிறிது அகட்டி நின்று, கேள்வியை வக்கீலிடம் வாங்கி, பதிலை நீதிபதியைப் பார்த்துச் சொல்லத் தயாரானார்.

"சாட்சி அவர்களே, சின்ன வயசுல உங்க அண்ணனோட பென்சில எடுத்து ஒளிச்சு வெச்சது உண்டா?"

"இது வழக்குக்குத் தேவையா?" என்றார் தலைவர்.

"சாட்சி நம்பத்தகுந்தவங்களான்னு தெரியணுமே, ஐயா."

மேடம் ஒருகணம் யோசித்தார். "உண்டு. மூணு பென்சில் எடுத்தேன்."

"மூணா? ரெண்டுன்னுதானே அம்மாகிட்ட சொன்னே!"

"அப்போ உறுதிமொழி எடுக்கல."

தூங்கிக்கொண்டிருந்த உறுப்பினர்கூட கண் விழித்துச் சிரித்தார். அண்ணன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, கவரைக் கையில் எடுத்தார். குரல் மாறிவிட்டது.

"இந்தக் கவர ஒட்டினது நீங்கதானே?"

"ஆமா. நான்தான் ஒட்டினேன்."

"எத்தனை மணிக்கு?"

"பத்து அம்பத்திரண்டுக்கு."

"எந்தக் கடிகாரம்?"

"இந்த அறையோட சுவர்க் கடிகாரம்."

"ஸ்டோர் பதிவேட்டுல இது வந்து சேர்ந்த நேரம் என்ன? நீங்களே படிங்க."

மேடம் பதிவேட்டை வாங்கினார். படித்தார். மறுபடி படித்தார். எங்கள் பக்கம் அவர் முகம் தெரியவில்லை. பதிவேட்டின் விளிம்பைப் பிடித்திருந்த விரல் நுனிகள் மட்டும் வெளுத்துத் தெரிந்தன.

"பத்து நாப்பத்தஞ்சு."

"அப்போ, சாட்சி அவர்களே, நீங்க ஒட்டறதுக்கு ஏழு நிமிஷம் முன்னாடியே இந்தக் கோப்பை இறங்கி, நடந்து, ஸ்டோருக்குப் போய் உக்காந்துடுச்சு. கெட்டிக்காரக் கோப்பை. காலு எங்கன்னு காட்டறீங்களா?"

சிரித்தவர்கள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்கள். நான் மாடிப்படியில் கேட்டதை இதற்குள் வகுப்பில் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். கண்ணாடிக்கார அம்மா பேனாவை எடுத்து ஏதோ குறித்தார்.

யாரும் எதிர்பாராத ஆள் கைகொடுத்தார். துறைத் தலைவர். பாடம் போனால் அவருக்குச் சந்தோஷம்தான், ஆனால் வெளியாட்கள் முன்னால் துறையின் மானம் போவது வேறு விஷயம். முன்னால் சாய்ந்து, "நாப்பத்திரண்டுன்னு எழுத வேண்டியது, அவசரத்துல கை தவறி அம்பத்திரண்டுன்னு விழுந்திருக்கும். அப்படித்தானே?" என்றார்.

'ஆமாம்' என்று சொன்னால் போதும். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டார். நெட்டை மேடம் பக்கம் திரும்பி உதட்டை அசைத்தான்: சொல்லிடுங்க, சொல்லிடுங்க.

"இல்லைங்க ஐயா" என்றார் மேடம். "கை தவறல. கடிகாரத்தப் பார்த்துத்தான் எழுதினேன். ஆனா அந்தக் கடிகாரம் சரியான நேரம் காட்டுதான்னு இன்னிக்கு நான் பார்க்கல. தினமும் பார்ப்பேன். இன்னிக்குப் பார்க்கல. தப்பு என்னோடது."

சுவர்க் கடிகாரம் சத்தமாக ஓடியது. எல்லோரும் அதைப் பார்த்தோம். பிறகு அவரவர் கைக்கடிகாரத்தையும் போனையும் பார்த்தோம். ஒன்பது நிமிடம் முன்னால் போயிருந்தது.

"ஸ்டோர்க்காரரக் கூப்பிடலாமா?" என்றார் அண்ணன்.

ஸ்டோர்க்காரர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஓய்வு பெற ஆறு மாதமே இருந்த மனிதர். கூண்டில் ஏறும்போது செருப்பைக் கழற்றி வைத்தார்.

"உங்க பதிவேட்டுல நேரம் எதப் பார்த்து எழுதுவீங்க?"

"போனப் பார்த்துங்க."

"இந்தச் சுவர்க் கடிகாரத்தப் பார்த்து ஏன் எழுதறதில்ல?"

"அது தப்பா ஓடுதுங்க."

"தப்பா ஓடுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஸ்டோர்க்காரர் மேடத்தைப் பார்த்தார். மேடம் மிகவும் லேசாகத் தலையாட்டினார்.

"நேத்து சாயங்காலம் நான்தாங்க தள்ளி வெச்சேன். கமிட்டி வந்தா பேச்சு இழுத்துக்கிட்டே போகும். எங்க ஊருக்கு நாலு மணி அஞ்சு நிமிஷத்துக்குக் கடைசி நேர் பஸ்ஸு. கடிகாரம் கொஞ்சம் முன்னாடி இருந்தா சீக்கிரம் எழுந்திருப்பீங்கன்னு... இன்னிக்கு இதப் பார்த்து யாராவது எழுதுவாங்கன்னு நெனைக்கல, சார்."

"இது எத்தனை வருஷமா நடக்குது?"

"கமிட்டி வந்தா மட்டும்தாங்க."

துறைத் தலைவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கடந்த பத்து வருடத்தில் எத்தனை குழுக்கள் தேவைக்கு முன்பே எழுந்து போயின என்று கணக்குப் போடுவதுபோல இருந்தது.

கண்ணாடிக்கார அம்மா முதன்முறையாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அப்போ ஒன்பது நிமிஷத்தக் கழிச்சா பத்து நாப்பத்திமூணுக்கு ஒட்டியிருக்கீங்க, நாப்பத்தஞ்சுக்கு ஸ்டோர்ல வந்திருக்கு. கணக்கு சரியாயிடுச்சே. கைரேகைய ஏத்துக்கலாம்தானே?"

"சரியா இருக்கலாங்க" என்றார் மேடம். "ஆனா கடிகாரம் ஒன்பது நிமிஷம் முன்னாடி இருந்துச்சுன்னு காலைல யாரும் எழுதி வெக்கல. மதியானம் மாட்டிக்கிட்ட பிறகு எல்லாரும் சேர்ந்து கண்டுபிடிச்சிருக்கோம். அதுக்கு எவ்வளவு மதிப்புன்னு நீதிபதிதான் சொல்லணும். நான் சொல்லக் கூடாது."

பிறகு பேனாவை எடுத்து, பத்து ஐம்பத்திரண்டின் மேல் படிக்கும்படியாக ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நடந்ததை எழுதி, அன்றைய தேதியோடு கையெழுத்துப் போட்டார். நேரம் எழுதும் முன் ஸ்டோர்க்காரரிடம் போனை வாங்கிப் பார்த்தார்.

தலைவர் நெட்டையை விடுதலை செய்தார். நெட்டை எம்பிக் குதித்ததில் டியூப்லைட் ஆடியது. "சரி, வழக்கு முடிஞ்சது. என் கோப்பையக் குடுங்க" என்றார் தலைவர்.

"மேல்முறையீட்டுக் காலம் முப்பது நாள் இருக்கு, ஐயா" என்றார் அண்ணன்.

மேடம் டேப் உருளைகளைப் பெட்டியில் அடுக்கினார். அடுக்கியதையே எடுத்து மறுபடி அடுக்கினார். நாங்கள் பெஞ்சுகளை இழுத்துப் போடுவதுபோல அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தோம். வாசலில் கண்ணாடிக்கார அம்மா தலைவரிடம் பேசுவது கேட்டது.

"கவர் ஒட்டறதுக்கு ஒரு பருவம் எதுக்குன்னு எழுதியிருந்தீங்களே?"

"ஆமாங்க. இப்ப நீங்களே பார்த்தீங்க."

"பார்த்தேன். பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவங்க. ஒரே ஒரு நாள் கடிகாரத்தப் பார்க்காம விட்டாங்க, மொத்தமும் போச்சு. இந்தப் பசங்களுக்கு ஒரு பருவம் எப்படிங்க போதும்?"

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பாடம் இனி இரண்டு பருவம். துறையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள அனைவரும் முதல் நான்கு வகுப்புகளுக்கு வர வேண்டும். அப்படி அதிகாரம் உள்ளவர் ஒரே ஒருவர்தான். அடுத்த வருடம் அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து பொத்தான் கவரை டர்ரென்று கிழித்தார் என்று ஜூனியர்கள் சொன்னார்கள்.

படிப்பு முடிந்து நான் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தேன். முதன்முதலாக நிஜக் கூண்டில் ஏறிய நாளில், நீதிமன்ற வராந்தாவில் வக்கீல் அண்ணனைப் பார்த்தேன். அதே வெளுத்த கோட்டு. அவராகவே அடையாளம் கண்டு, "என்ன தம்பி, கடிகாரம் பார்த்தாச்சா?" என்று தோளில் தட்டினார். எனக்கு ரொம்ப நாளாக உள்ளே இருந்த கேள்வி. வேலையே போகிற நிலையில் இருந்த தங்கையை அன்றைக்கு எப்படி அப்படிக் கேட்க முடிந்தது என்று, வார்த்தைகளை விழுங்கி விழுங்கிக் கேட்டுவிட்டேன்.

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"எனக்கு யாரு சொன்னா? பாடத்த நிறுத்தப் போறாங்க, ஒப்பந்தம் போயிடும்னு இருந்தத, ரெண்டு பருவம்னு கடிதம் வந்த பிறகுதான் மச்சான் சொன்னாரு. ரெண்டு மாசம் நான் அவகிட்டப் பேசல. முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்தப் பதிவேட்டத் தொட்டிருப்பேனா? பென்சிலோட நிறுத்தியிருப்பேன்."

குழு வந்த அன்று காலை மேடம் அவருக்குப் போன் செய்திருக்கிறார். யாரோ நாலு பேர் சும்மா பார்க்க வருகிறார்கள், போன வருடம் நீ மெத்தென்று கேட்டுவிட்டாய், இந்த வருடம் கொஞ்சம் கடுமையாகக் கேள் என்று சொல்லியிருக்கிறார்.